பெருத்த வயிறும் மந்தமான காதும்: இரண்டுக்கும் என்ன தொடர்பு?

"காது கொஞ்சம் மந்தம், வயசாச்சு இல்லையா?" என்ற பேச்சு நம் வீடுகளில் சர்வ சாதாரணம். ஐம்பதைத் தாண்டிய அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைக்கிறார். அம்மாவுக்கு இரண்டு முறை சொன்னால்தான் விளங்குகிறது. வீட்டில் உள்ளவர்களும் வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

வயது ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது மட்டும்தான் காரணமா? கடந்த இருபது ஆண்டுகளாக மருத்துவ ஆய்வாளர்கள் வேறொன்றையும் கவனித்து வருகிறார்கள். உடம்பில், அதிலும் வயிற்றுப் பகுதியில், கொழுப்பு கூடக் கூட காது கேட்கும் சக்தி குறையும் வாய்ப்பும் கூடுகிறது என்பதே அது. இருதயம், சிறுநீரகம், கண், கால் என்று எல்லாவற்றையும் பாதிக்கும் உடல் பருமன், காதை மட்டும் விட்டுவைக்குமா என்ன?

மலேசிய இந்தியர்கள் இந்தச் செய்தியை அலட்சியப்படுத்த முடியாது. சுகாதார அமைச்சு 2019-இல் நடத்திய தேசிய உடல்நல, நோய்க் கணக்கெடுப்பின்படி நாட்டின் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இந்தியர்களிடையே இது 63.9 விழுக்காடு. எல்லா இனத்தாரையும் விட நாம்தான் இதில் முன்னணியில் நின்றோம். 2023 கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த அளவு 54.4 விழுக்காட்டுக்கு ஏறிவிட்டது. இனிப்பு நீர் நோயிலும் இதே கதைதான். 2023-இல் நாட்டில் 15.6 விழுக்காட்டுப் பெரியவர்களுக்கு அந்நோய் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு!

காதுக்குள் என்ன நடக்கிறது?

தொடர்பைப் புரிந்துகொள்ள, முதலில் காதின் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். வெளியே தெரியும் மடல் ஒலியை உள்ளே அனுப்புகிறது. செவிப்பறையும் அதன் பின்னால் இருக்கும் மூன்று சிறிய எலும்புகளும் அந்த அதிர்வை உள்காதுக்குக் கடத்துகின்றன. அங்கேதான் நத்தை ஓடு போல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அளவில் ஒரு பட்டாணிதான்.

அதற்குள் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலி அலை வரும்போது இவை அசைந்து, அந்த அசைவை மின் துடிப்பாக மாற்றி நரம்பு வழியாக மூளைக்கு அனுப்புகின்றன. வெட்டிய நகம் வளர்கிறது, உரிந்த தோல் மூடிக்கொள்கிறது. ஆனால் மனிதருக்கு இந்த மயிரணுக்கள் ஒரு முறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பிறக்கும்போது கிடைத்ததை வைத்துத்தான் ஆயுள் முழுக்கக் காலம் தள்ள வேண்டும்.

இந்த அணுக்களின் பக்கச் சுவரில் இரத்த நாளங்கள் நிறைந்த ஒரு திசு இருக்கிறது. காதின் பேட்டரி என்று இதைச் சொல்லலாம். மயிரணுக்கள் வேலை செய்வதற்குத் தேவையான மின்னழுத்தத்தை இதுதான் உண்டாக்குகிறது. இதற்கு இடைவிடாமல் பிராணவாயுவும் சத்தும் வேண்டும். ஆனால் உள்காதுக்கு இரத்தம் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரே ஒரு மெல்லிய தமனி. இருதயத்திலாவது ஒரு குழாய் அடைபடும்போது பக்கத்துக் குழாய்கள் ஓரளவு கைகொடுப்பதுண்டு. உள்காதில் அந்த வசதி இல்லை.

கொழுப்பு அங்கே எப்படிப் போகிறது?

கொழுப்பு நேராகக் காதுக்குள் போய் உட்கார்ந்துகொள்வதில்லை. சிக்கல் இரத்த ஓட்டத்தின் வழியாக வருகிறது.

நம் உடம்பில் கொழுப்பு இரண்டு விதமாகச் சேர்கிறது. தோலுக்கு அடியில், கையிலும் தொடையிலும் சேர்வது ஒரு வகை. வயிற்றுக்குள் கல்லீரல், குடல் ஆகியவற்றைச் சுற்றிச் சேர்வது இன்னொரு வகை. இரண்டாவது வகைதான் அதிக ஆபத்தானது. அது சும்மா கிடப்பதில்லை. உடம்பில் மெல்லிய அழற்சியை உண்டாக்கும் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கிறது. இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. இரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் ஏறுகின்றன. இரத்த அழுத்தம் கூடுகிறது.

இவை எல்லாம் முதலில் தாக்குவது மிகச் சிறிய இரத்த நாளங்களை. இனிப்பு நீர் நோயாளிக்குக் கண்ணின் விழித்திரையும் சிறுநீரகமும் கெடுவது இதனால்தான். உள்காதும் அதே போன்ற நுண்ணிய நாளங்களை நம்பித்தான் இருக்கிறது. நாளங்கள் தடித்துச் சுருங்கினால் பேட்டரி பலவீனமாகிறது, மயிரணுக்கள் பட்டினி கிடக்கின்றன, நரம்பும் நலிகிறது. இது ஒரே நாளில் நடப்பதில்லை. பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவில் 68,421 பெண் தாதியரை 1989 முதல் 2009 வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளிவந்தது. உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் பி.எம்.ஐ. 25-க்குக் கீழ் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், 40-உம் அதற்கு மேலும் இருந்தவர்களுக்குக் காது மந்தமாகும் வாய்ப்பு 25 விழுக்காடு கூடுதல். இடுப்புச் சுற்றளவை வைத்துப் பார்த்தபோதும் இதே போக்குதான். 71 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தவர்களை விட, 88 சென்டிமீட்டரைத் தாண்டியவர்களுக்கு 27 விழுக்காடு கூடுதல்.

இந்த ஆய்வில் ஒரு குறை உண்டு. காது கேட்கவில்லை என்பதைத் தாதியரே சொன்னார்கள். கருவி வைத்துச் சோதிக்கவில்லை. ஜப்பானில் அந்தக் குறை தீர்ந்தது. அங்கே 48,549 தொழிலாளர்களை எட்டு ஆண்டுகள் வரை தொடர்ந்து, கருவியால் காதைச் சோதித்தார்கள். 2020-இல் வெளிவந்த முடிவின்படி, பி.எம்.ஐ. 25-க்குக் கீழ் உள்ளவர்களை விட 30-உம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தாழ்ந்த ஒலிகள் கேட்காமல் போகும் வாய்ப்பு 66 விழுக்காடும், உயர்ந்த ஒலிகள் கேட்காமல் போகும் வாய்ப்பு 29 விழுக்காடும் கூடுதல்.

இனிப்பு நீரின் பங்கு இன்னும் தெளிவு. அமெரிக்காவில் 20 முதல் 69 வயது வரையிலான 5,140 பேரின் செவிச் சோதனைகளை வைத்து 2008-இல் வெளியான ஆய்வில், இந்நோய் உள்ளவர்களில் 54 விழுக்காட்டினருக்கு உயர்ந்த ஒலிகள் கேட்பதில் குறை இருந்தது. நோய் இல்லாதவர்களிடம் அது 32 விழுக்காடு. தாழ்ந்த, நடுத்தர ஒலிகளில் 21 விழுக்காட்டுக்கு 9 விழுக்காடு, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். "25 விழுக்காடு கூடுதல்" என்றால் பருமனான நூறு பேரில் 25 பேருக்குக் காது போய்விடும் என்று அர்த்தமில்லை. ஒல்லியானவர்கள் நூறு பேரில் 16 பேருக்குக் காது மந்தமாகிறது என்று வைத்துக்கொண்டால், பருமனானவர்கள் நூறு பேரில் அது 20 பேராகிறது. அவ்வளவுதான். மேலும், இவை எல்லாம் தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். பருமன்தான் நேரடிக் காரணம் என்று அடித்துச் சொல்ல இவை மட்டும் போதா. பருமனானவர்களிடம் இரத்த அழுத்தமும் உடலுழைப்புக் குறைவும் சேர்ந்தே இருப்பதால் ஒன்றை ஒன்றிலிருந்து பிரிப்பது கடினம். இருந்தாலும் வெவ்வேறு நாடுகளில் ஒரே திசையில் முடிவு வரும்போது அதைத் தள்ளிவிட முடியாது.

தராசு மட்டும் போதுமா?

"எனக்கு எடை சரியாகத்தானே இருக்கிறது" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். தராசு மொத்த எடையைத்தான் சொல்லும். அதில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு என்று சொல்லாது. கையும் காலும் மெலிந்து, சட்டைப் பொத்தான் மட்டும் தெறிக்கும் அளவுக்கு வயிறு முன்னால் வந்திருக்கும் ஆண்களை நம்மிடையே நிறையப் பார்க்கலாம். இவர்களுடைய எடை சரியாகவே இருக்கும். ஆனால் வயிற்றுக்குள் கொழுப்பு நிறைந்திருக்கும்.

தெற்காசிய வம்சாவளியினருக்கு இந்தப் போக்கு அதிகம். அதே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியரை விட நமக்குக் கொழுப்பின் பங்கு கூடுதல், தசையின் பங்கு குறைவு. ஆகவேதான் 2004-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்கள் 23-ஐத் தொட்டாலே விழித்துக்கொள்ள வேண்டும், 27.5-ஐ எட்டினால் ஆபத்து அதிகம் என்று ஆலோசனை கூறியது. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 64 கிலோ எடை இருந்தால் அவருடைய பி.எம்.ஐ. 23.5. பார்த்தால் யாரும் அவரைக் குண்டு என்று சொல்லமாட்டார்கள். ஆனால் எச்சரிக்கைக் கோட்டை அவர் தாண்டிவிட்டார்.

இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை, தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடாதான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளந்து பார்க்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. அதை எட்டினால் வயிற்றுக் கொழுப்பு கூடிவிட்டது என்று பொருள்.

அதற்காகப் பட்டினி கிடந்து எடையைக் குறைப்பதும் சரியல்ல. அப்படிக் குறையும் எடையில் தசையும் சேர்ந்து போய்விடும். குறிப்பாக வயதானவர்களுக்குத் தசை கரைவது கெடுதல். கொழுப்பு குறைய வேண்டும், தசை நிற்க வேண்டும். அதற்கு நடையும் உடற்பயிற்சியும் புரதச் சத்துள்ள உணவும் தேவை.

சத்தமும் சேர்ந்துகொண்டால்?

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. கிள்ளான் துறைமுகமும், ஷா ஆலாம், பெட்டாலிங் ஜெயா தொழிற்பேட்டைகளும் நம்மவர்கள் பலருக்குச் சோறு போடுகின்றன. இயந்திரச் சத்தத்தில் எட்டு மணி நேரம், பிறகு இரவு மாமாக் கடையில் ரொட்டி சானாயும் சீனி தூக்கலான தே தாரிக்கும், வீட்டுக்கு வந்ததும் படுக்கை. இப்படிப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடினால், வெளியிலிருந்து சத்தமும் உள்ளிருந்து கொழுப்பும் ஒரே காதைத் தாக்குகின்றன. சத்தத்தால் அடிபட்ட மயிரணு தேறி வர நல்ல இரத்த ஓட்டம் வேண்டும். அந்த ஓட்டமே குறைந்திருந்தால் எப்படித் தேறும்?

2019 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்த வேலையிட இரைச்சல் விதிமுறைகள், எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்று வரம்பு விதித்துள்ளன. அதற்கு மேல் சத்தம் உள்ள இடத்தில் வேலை செய்பவர்களுக்கு முதலாளி காதுக் கவசம் தருவதோடு செவிச் சோதனைக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். இது சலுகையல்ல, தொழிலாளியின் உரிமை. வேலைச் சத்தத்தால் காது கெட்டால் சொக்சோ என்று நாம் அழைக்கும் பெர்கேசோவில் இழப்பீடு கோரவும் வழி உண்டு. சோதனை முடிவுத் தாளைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்தி வைப்பது நல்லது.

வேலைக்கு வெளியேயும் சத்தத்துக்குக் குறைவில்லை. உறுமி மேளத்துக்குப் பக்கத்திலேயே மணிக்கணக்கில் நிற்பதும், ரயிலில் காதுக்குள் செருகிய கருவியில் பாட்டை முழுச் சத்தத்தில் கேட்பதும் கெடுதல்தான். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்ற அளவைத் தாண்ட வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

காது திடீரென்று அடைத்துக்கொண்டால் எல்லாருக்கும் தெரியும். மெல்ல மெல்லக் குறைந்தால் பாதிக்கப்பட்டவருக்கே தெரியாது. பெரும்பாலும் உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகின்றன. அதனால் "சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை" என்பார்கள். கட்டு, தட்டு, பட்டு என்ற சொற்கள் ஒன்று போலவே தோன்றும். பேரப்பிள்ளைகளின் மெல்லிய குரல் பிடிபடாது. கல்யாண மண்டபத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது புரியாது. காதுக்குள் இரைச்சல் கேட்பதும் ஓர் அறிகுறி.

இப்படி இருந்தால் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்குப் போகலாம். சில வேளைகளில் காதில் சேர்ந்த அழுக்கே காரணமாக இருக்கும். அதை எடுத்தாலே சரியாகிவிடும். இல்லையென்றால் மருத்துவர் கடிதம் கொடுத்து, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, கோலாலம்பூர் மருத்துவமனை போன்றவற்றின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்புவார். செவிச் சோதனையில் வலி கிடையாது. காதில் ஒலிக்கருவியை மாட்டி, ஒலி கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். 20 டெசிபலுக்குக் கீழான ஒலியும் கேட்டால் சாதாரணம்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. ஒரு காது ஓரிரு நாளில் திடீரென்று கேட்காமல் போனால் அது அவசரம். எண்ணெய் விட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாள் தள்ளத் தள்ள மருந்து பலன் தரும் வாய்ப்பு குறைகிறது.

இனிப்பு நீர் நோயாளிகளுக்குக் கிளினிக்கில் கண், கால், சிறுநீர் ஆகியவற்றைச் சோதிக்கிறார்கள். காதைப் பற்றி யாரும் கேட்பது அரிது. நோய் கண்டறியப்பட்டதும் ஒரு முறை, அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை செவியைச் சோதித்துக்கொள்வது நல்லது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. இங்கே நாமே வாய் திறந்து, "டாக்டர், காதையும் பார்க்க வேண்டும்" என்று கேட்டால்தான் நடக்கும்.

எடை குறைந்தால் காது திரும்ப வருமா?

வராது. போன மயிரணு போனதுதான். மூன்று மாதத்தில் காதைத் திரும்பப் பெறலாம் என்று விளம்பரம் செய்யும் மாத்திரை, பொடி எதையும் நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். ஆனால் இருப்பதைக் காப்பாற்ற முடியும். அமெரிக்கத் தாதியர் ஆய்விலேயே இதற்கான நம்பிக்கை இருக்கிறது. வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக நடந்தவர்களை விட, இரண்டு மணி நேரமாவது நடந்தவர்களுக்குக் காது மந்தமாகும் வாய்ப்பு 15 விழுக்காடு குறைவாக இருந்தது.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 17 நிமிடம். பிரிக்பீல்ட்ஸ்வாசிகளுக்குப் பெர்டானா தாவரவியல் பூங்கா தூரமில்லை. கிள்ளானில் தாமான் ரக்யாட் இருக்கிறது. வேட்டியும் சேலையும் கட்டியவர்கள் கோயில் பிரகாரத்தைச் சுற்றினாலும் நடை நடைதான். தே தாரிக்கில் சீனியைக் குறைப்பது, வெள்ளைச் சோற்றின் அளவைக் குறைத்துக் கீரையும் மீனும் பருப்பும் கூட்டுவது, புகைப்பதை விடுவது ஆகியவையும் உள்காதின் நாளங்களுக்கு நல்லது.

ஏற்கெனவே குறை இருந்தால் காது கேட்கும் கருவி போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கண்ணுக்குக் கண்ணாடி போடுகிறோம் அல்லவா? 2024-இல் வெளியான லான்செட் ஆணைக்குழு அறிக்கை, மறதி நோய்க்கு வழிவகுக்கும், ஆனால் நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. நடுவயதில் காது கேளாமை அதில் ஒன்று. உடல் பருமன், இனிப்பு நீர், உயர் இரத்த அழுத்தம், உடலுழைப்பின்மை, தனிமை ஆகியவையும் அதே பட்டியலில் இருக்கின்றன. காது கேட்காதவர் பேச்சைக் குறைத்து, கூட்டத்தைத் தவிர்த்து, மெல்லத் தனிமையில் ஒதுங்கிவிடுகிறார். தனிமையும் வீட்டிலேயே முடங்கிக் கிடப்பதும் உடம்பை மேலும் பெருக்க வைக்கின்றன. ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும் இந்தச் சுழலை எங்காவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும்.

இதில் குடும்பத்தாரின் பங்கு பெரியது. பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பல்லாண்டு காலமாக இயங்கி வருகிறது. வெள்ளைக் கோலுடன் ஒருவர் சாலையோரம் நின்றால் அந்த வட்டாரத்து மக்கள் தயங்காமல் கைகொடுப்பார்கள். காது கேளாதவரிடம் அப்படி ஓர் அடையாளம் இல்லை. அதனால் அவருக்குக் கிடைப்பது உதவியல்ல, "எத்தனை தடவை சொல்வது!" என்ற எரிச்சல்தான். இனிமேல் பெரியவர்களிடம் பேசும்போது தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, முகத்துக்கு நேராக நின்று, கத்தாமல் நிதானமாகப் பேசலாம். அடுத்த முறை இனிப்பு நீருக்கு மருந்து வாங்கப் போகும்போது உடன் சென்று, காதுச் சோதனைக்கும் ஒரு கடிதம் கேட்டு வாங்கலாம். அளவு நாடாவை எடுத்து அவர்களுடைய இடுப்பை அளக்கும்போது, நம்முடையதையும் சேர்த்து அளந்துகொள்ளலாம்.